சேரம்பாடியின் சிவப்பு விளக்குகளுக்கு நீ எழுதிய டெஸ்ட்

இன்று காலை உன் பெயருக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் அந்த இணையதளத்தில், மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ எழுதிய நீண்ட பதில் ஒன்று இருக்கிறதே, அதன் அடியில் முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். "உங்கள் பதிலால்தான் எங்கள் சர்வர் பிழைத்தது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். இருக்கிறீர்களா?"

அந்தக் கடைசிச் சொல்லிலேயே என் கண் நின்றுவிட்டது. கீழே இரும்புக் கடையில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் வைத்த டீ ஆடை கட்டி ஆறிப் போனது.

கேள்வி நல்ல கேள்வி. அவர் கேட்டது இது: நடந்ததை எழுதி வைத்துவிட்டோம். எச்சரிக்கையை அனுப்புவதற்குள் மின்சாரம் போய்விட்டது. சர்வர் மறுபடி எழுந்தபின் அதை அனுப்புவதா வேண்டாமா? நீயும் நானும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்ட விஷயம் அது. நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். "அவர் இப்போது இல்லை, அவரோடு வேலை செய்தவள் சொல்கிறேன்" என்று தொடங்கி, நாம் கடைசியாக வந்து சேர்ந்த முடிவைச் சொன்னேன். இரண்டு தடவை போனாலும் பாதகமில்லை, ஒரு தடவைகூடப் போகாமல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுங்கள்; அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் வாங்குகிற பக்கம் பேசாமல் விட்டுவிடட்டும்.

அனுப்பிய பிறகும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அவருக்குச் சொன்னது பாதிதான். மீதியை உனக்கு எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரே அலுவலகத்தில் ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். நான் பெர்ன்ஹில்காரி, நீ சேரம்பாடி எஸ்டேட்டில் பிறந்தவள். இருவரும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்பதால்தான் முதலில் பேச ஆரம்பித்தோம். உங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தண்ணீர் பிடிக்கப் போன ஒரு பெண் விடிகாலை மூடுபனியில் யானை நிற்பது தெரியாமல் அதன்மேலேயே போய் மோதி இறந்தாள். அந்த வாரமே நீ வேலையை விட்டாய். "அவளுக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பக்கம் போயிருக்க மாட்டா. ஒரே ஒரு வார்த்தை" என்றாய். அடுத்த மாதம் நானும் உன் பின்னால் வந்துவிட்டேன். குன்னூரில் இந்த மாடி அறையை ராஜன் சார் பிடித்துக் கொடுத்தார். அவர் நிர்வாகம், நாம் இருவரும் நிரல், கம்பமும் கம்பியும் பார்க்க ஒரு எலக்ட்ரீசியன். அவ்வளவுதான் நம் நிறுவனம்.

நாம் செய்தது பெரிய விஞ்ஞானம் இல்லை. சுந்தரம் அண்ணனும் அவரோடு ஐந்து பேரும் எஸ்டேட்டுக்குள் யானை நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் தங்கள் போனில் அந்த இடத்துக்கு உரிய எண்ணை அழுத்துவார்கள். உடனே அந்த இடத்துக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும், பக்கத்து லயங்களில் இருக்கிற போன்களுக்கெல்லாம் அழைப்பு போகும். யானை கடந்துவிட்டால் இன்னோர் எண். விளக்கு அணையும். ஆற்றோரம், பள்ளிக்கூட வளைவு, கோவில் மேடு என்று ஒவ்வொரு இடத்துக்கும் சர்வருக்குள் ஓர் ஆக்டரை, அந்த இடத்தை மட்டும் கவனிக்கும் தனி நிரலை, வைத்தோம். அந்த முறையைத் தேர்ந்தெடுத்தவள் நீதான். ஓர் இடம் குழம்பினாலும் மற்ற இடங்கள் தம்பாட்டுக்கு வேலை செய்யும் என்றாய்.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. நிரலைச் சோதிக்க நாம் எழுதியவை தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. டெஸ்ட் எல்லாம் பச்சை. சேரம்பாடிக்கு அனுப்புவதற்கு முன் என் பகுதியை உன்னிடம் காட்டியபோது நீ திரையை வெகுநேரம் பார்த்தாய்.

"இது உயிரோட இருக்கறப்ப ஒழுங்கா நடந்துக்குதான்னு பார்த்திருக்க. செத்து எழுந்தா எப்படி நடந்துக்கும்னு எங்க பார்த்திருக்க?"

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றேன். நீ வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாமே என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "எனக்கும் சோம்பல்தான் புள்ள" என்று ஒப்புக்கொண்டாய்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ஆடி மாத மழையில் ஒரு பிற்பகல் குன்னூர் முழுக்க மின்சாரம் போயிற்று. நம் பேட்டரியும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது. மின்சாரம் வந்ததும் சர்வர் தானே எழுந்தது. எழுந்த ஒவ்வோர் ஆக்டரும் தான் மூன்று மாதமாக எழுதி வைத்திருந்ததை முதல் வரியிலிருந்து படித்தது. நிலவரம் தெரிந்துகொள்ள அது அப்படித்தான் படிக்க வேண்டும். ஆனால் நான் எச்சரிக்கை அனுப்பும் வரியை அந்தப் படிக்கிற இடத்திலேயே வைத்திருந்தேன். அதனால் மூன்று மாதத்தில் வந்துபோன யானைகள் எல்லாம் அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் சேரம்பாடிக்கு வந்தன. எல்லாக் கம்பங்களும் ஒரே நேரத்தில் சிவப்பாக எரிந்தன. ஒவ்வொரு போனும் வைக்க வைக்க அடித்துக்கொண்டே இருந்தது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் எல்லாப் பக்கமும் ஓடினார்கள். கூடைகளைச் சரிவிலேயே போட்டுவிட்டார்கள். உன் அம்மா ஈரப் பாறையில் வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

நீ போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, சித்தி கூட இருக்காங்க. நீ மொதல்ல சர்வரை நிறுத்து" என்றாய். நிறுத்தினேன். நீ நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். இருவருமாக அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தோம். அது இருக்க வேண்டிய இடத்துக்கு மாற்ற நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேரம்பாடிக்குக் கூட்டிப் போனாய். எதற்கென்று பஸ்ஸில் சொல்லவில்லை. லயத்தின் முதல் வீட்டு வாசலில் நின்று, "தப்பு எங்களோடதுங்க. அன்னிக்கு யானை வரல. நாங்க அதுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டோம்" என்றாய். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாய். 'நாங்க', 'நாங்க' என்று நீ சொல்லச் சொல்ல எனக்கு முகம் எரிந்தது. மூன்றாவது வீட்டில் நான் முந்திக்கொண்டேன். "நான்தானுங்க அதை எழுதினது. சரியா சோதிச்சுப் பாக்காம விட்டுட்டேனுங்க." அந்த வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுந்தரம் அண்ணன்தான் நேராகச் சொன்னார். "இனிமே லைட்டு எரிஞ்சா நான் ஓட மாட்டேன் புள்ள. யானையைக் கண்ணால பார்த்தாத்தான் ஓடுவேன். ஊருல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

கண்ணால் பார்க்கிறபோது ஓட நேரம் இருக்காது என்பது அவருக்கும் தெரியும். நாம் கெடுத்தது எவ்வளவு என்று அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தோம். உன் அம்மா மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "தப்பு செஞ்சவங்க லயத்துக்கு வந்து சொல்றது, நான் சின்னப் புள்ளையா கண்டியிலேர்ந்து வந்த நாள் மொதலா இதான் மொத தடவை. குந்துங்க மகள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

நீ அடுப்பில் தண்ணீர் வைத்தாய். அவர் விடவில்லை. என்னதான் நடந்தது என்று தெரிய வேண்டும் அவருக்கு.

"ஆக்டருன்னா? படத்துல வாறவங்களா?"

"இல்லம்மா. ஆத்தோரத்துக்கு ஒரு ஆளு, பள்ளிக்கூட வளைவுக்கு ஒரு ஆளுன்னு வச்சுக்க. ஒருத்தரு மனசுக்குள்ள இன்னொருத்தரு கை வைக்க முடியாது. லெட்டர் போட்டுத்தான் பேசிக்கணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு நோட்டு. என்ன நடந்தாலும் மொதல்ல நோட்டுல எழுதிட்டுத்தான் மத்த வேலை. மயங்கி விழுந்து எழுந்தா, அந்த நோட்டை மொதல்லேர்ந்து படிச்சு, எங்க விட்டோம்னு தெரிஞ்சுக்குவாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப, படிக்கையில மனசுக்குள்ள படிக்கணும், வாய்விட்டுப் படிக்கக் கூடாதுன்னு அதுக்குச் சொல்லலியா?"

நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாம் நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த விளக்கத்தை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நீ எழுதிய முதல் டெஸ்ட்டுக்கு வைத்த பெயர் 'வாய்விட்டுப் படிக்காதே'. அது இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது.

அந்த டெஸ்ட் எழுத நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். ஓர் ஆக்டரை எழுப்பி, யானை வந்ததாகச் சொல்லி, அதைக் கொன்று, அதே நோட்டோடு மறுபடி எழுப்பி, அதன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வந்ததைக் காட்டுவது சுலபம். வராததை எப்படிக் காட்டுவது? நான் 'மூன்று நொடி பொறுத்திரு' என்று எழுதினேன். என் மடிக்கணினியில் பச்சை. உன்னுடையதில் சிவப்பு. மறுபடி ஓட்டினால் மாறி வந்தது. நீ சிரித்துவிட்டாய். "கடிகாரத்தை நம்பாத புள்ள. அதோட லெட்டர் வெளிய வர்ற வாசல்ல நம்ம ஆளு ஒருத்தரை உட்கார வை. 'படிச்சு முடிச்சிட்டேன்'னு அது சொல்லட்டும். அதுக்கு முன்னாடி வேற எதாச்சும் வந்துச்சான்னு அந்த ஆளைக் கேளு." டெஸ்ட்டுக்குள் கடிகாரத்தையும் நம் கையில் எடுத்துக்கொண்டோம். நாம் தள்ளினால்தான் முள் நகரும். அதன்பிறகு அந்த டெஸ்ட் ஒரு நாளும் மாற்றிப் பேசவில்லை.

உன்னைத் தப்பே செய்யாதவள் போல எழுதினால் நீயே திட்டுவாய். அடுத்த கோடையில் சறுக்கியவள் நீ. 'யானை வந்தது' என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த நோட்டில், எத்தனை யானை என்றும் சேர்த்து எழுத ஏற்பாடு செய்தாய். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் டெஸ்ட்டில் ஒவ்வொரு தடவையும் புது நோட்டு. அதுவும் கணினியின் வட்டில் எழுதப்படாமல் நினைவிலேயே இருந்து மறைகிற நோட்டு. நிஜ நோட்டிலோ பழைய முறையில் எழுதிய பக்கங்கள் ஏராளம். அவற்றைப் படிக்கத் தெரியாமல் சர்வர் ஒரு காலை முழுக்க எழவேயில்லை. சுந்தரம் அண்ணனும் மற்றவர்களும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு லயம் லயமாக நடந்தார்கள். நீ மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. பழைய பக்கங்களைத் திருத்தி எழுதிவிடலாமா என்று நான் கேட்டேன்.

"நடந்ததை நடந்த மாதிரிதான் வச்சிருக்கணும். படிக்கறவங்கதான் பழசையும் படிக்கக் கத்துக்கணும்."

அன்று முதல் ஒவ்வொரு காலத்து நோட்டிலிருந்தும் ஒரு பக்கத்தை எடுத்து வைத்தாய். புது நிரல் எதுவானாலும் அந்தப் பக்கங்களையெல்லாம் படித்துக் காட்டிய பிறகே சேரம்பாடிக்குப் போகும். இந்த இரண்டு கதையையும் சேர்த்து நீ அந்த இணையதளத்தில் எழுதியதுதான் அந்த நீண்ட பதில். யார் யாரோ எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னாய்.

ரத்தத்தில் நோய் என்று தெரிந்த பிறகும் சொன்னாய். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஊசி ஏறாத கையால் தட்டித் தட்டி யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாய். கொஞ்சம் படுத்துக்கொள்ளேன் என்றேன். "படுத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாய். பிறகு, உன் பதில்களுக்கு வருகிற அறிவிப்புகள் எனக்கும் வரும்படி நீயே மாற்றிக் கொடுத்தாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. தை பிறந்து பத்து நாளில் போய்விட்டாய். முப்பத்து நாலு வயது.

நீ போன சில மாதத்தில் ராஜன் சார் என்னைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. வேறு ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள், இருப்பதோ நான் ஒருத்தி. "ஒவ்வொரு தடவையும் அந்தக் கொன்னு எழுப்புற டெஸ்ட்டு இருபது நிமிஷம் எடுத்துக்குதும்மா. இப்பத்தான் எல்லாம் சரியா ஓடுதே. அதை மட்டும் எடுத்துட்டா வேலை சுருக்கா முடியுமே?"

"எடுக்க மாட்டேனுங்க சார்."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுத்தான் சொல்றனுங்க. அதை எடுக்கோணும்னா என்னையும் எடுத்துருங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கே பயமாகத்தான் இருந்தது.

போன மழையில், ஒரு வியாழக்கிழமை மாலை மூன்றேகால் மணிக்கு, பள்ளிக்கூட வளைவில் ஒற்றைக் கொம்பன் நின்றது. சுந்தரம் அண்ணன் எண்ணை அழுத்தினார். அழுத்திய கையோடு அவர் போனில் சார்ஜ் தீர்ந்தது; யானை வழியில் நின்றதால் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லவும் முடியவில்லை. அதே நிமிஷம் குன்னூரில் சீகை மரம் ஒன்று கம்பிமேல் விழுந்து மின்சாரம் போனது. புது பேட்டரியில் என்ன கோளாறோ, அதுவும் கைகொடுக்கவில்லை. சர்வர் விழுந்தது. நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பேட்டரியோடு மல்லுக்கட்டினேன். வளைவில் யானை நிற்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தச் செய்தி நோட்டில் மட்டும் இருந்தது. எழுதியாகிவிட்டது, அனுப்பவில்லை. நாம் சண்டை போட்ட அதே இடம்.

மின்சாரம் வந்தபோது நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். திரையில் ஆக்டர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நோட்டைப் படித்தன. ஒன்றும் பேசவில்லை. பிறகு பள்ளிக்கூட வளைவு மட்டும் பேசியது: யானை வந்தது, இன்னும் போகவில்லை, அனுப்ப வேண்டியதை இன்னும் அனுப்பவில்லை. அந்த வளைவுக்கு உரியவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒரே ஓர் அழைப்பு. ஒரே ஒரு விளக்கு. அதன்கீழ் வேறு வரி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. உன் அம்மா. மணிக்கட்டு முன்போல வளையாததால் கொழுந்து பறிப்பதை விட்டு, இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலுக்குப் போகிறார்.

"மகள், வளைவுல லைட்டு எரியுது. டீச்சரம்மா கேட்டைப் பூட்டிட்டாங்க. புள்ளைங்க எல்லாரும் உள்ளதான் இருக்காங்க."

"யானை தெரியுதுங்களா அம்மா?"

"தெரியுது. மூங்கிலை முறிச்சுத் தின்னுக்கிட்டு நிக்குது. நீங்க பயப்படாதீங்க." பிறகு சொன்னார்: "போன் ஒரு தடவைதான் அடிச்சுது மகள்."

ஐந்து மணிவரை போனை வைக்காமலே இருந்தோம். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு விளக்கு அணைந்துவிட்டது என்றார்.

இந்த மாதம் கிளென்மார்கன் பக்கத்தில் ஒரு குடியிருப்புக்குப் போனேன். அங்கே யானையைவிடக் கரடித் தொல்லைதான் அதிகம். தேயிலைக்குள் நின்றால் வெளியே தெரியாது. ராஜன் சார் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐம்பது பேர் இருப்பார்கள், பெண்களே அதிகம். நம் திட்டத்தின் பெருமைகளை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அந்தக் காகிதத்தை எடுக்கவில்லை.

"இது ஒரு தடவை பொய் சொல்லியிருக்குங்க" என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு அதை எழுதினது நான். ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சுதுங்க." ராஜன் சாருக்கு முகம் வெளுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வாய்விட்டுப் படித்ததைச் சொன்னேன், பழைய பக்கம் படிக்கத் தெரியாமல் போனதைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். முன்வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "இப்ப மட்டும் சரியா சொல்லும்னு எப்படிங்க நம்பறது?"

"என் வார்த்தையை நம்ப வேண்டாமுங்க. நீங்களே பாருங்க."

கொண்டுபோயிருந்த சின்ன சர்வரையும் ஒரு விளக்கையும் மேசையில் வைத்தேன். அவள் போனை வாங்கி, கரடி வந்ததாக அழுத்தச் சொன்னேன். விளக்கு எரிந்தது. அங்கே இருந்த போன்கள் அடித்தன. பிறகு எல்லோரும் பார்க்க, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். விளக்கும் செத்தது. மறுபடி செருகிவிட்டு மேசையை விட்டுத் தள்ளி நின்றேன். சர்வர் எழ ஒரு நிமிஷம் ஆயிற்று. கரடி இன்னும் போகவில்லை என்று நோட்டில் இருந்ததால் விளக்கு சிவப்பாக எழுந்தது. ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால் ஒரு போன்கூட அடிக்கவில்லை.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "இன்னொருக்கா பிடுங்குங்க பார்க்கலாம்" என்றாள்.

பிடுங்கினேன். அவர்கள் போதும் என்று சொல்லும்வரை எத்தனை தடவையானாலும் பிடுங்குவேன்.